பிறந்தநாளுக்கு ஓர் இன்ஸ்விங்கர்

தெப்ராவ், ஜொகூர்
ஜூன் 9

மதிப்பிற்குரிய இந்திய அணிப் பந்துவீச்சாளர் திரு. கவின் அவர்களுக்கு,

உங்கள் எண்ணை வாட்ஸ்அப்பில் தடுத்துவிட்டேன். மற்ற இடங்களிலும் தடுத்துவிட்டேன். ஆனால் திட்டாமல் இருக்க முடியவில்லை, அதனால் தபாலில் திட்டுகிறேன். தமிழ்ப்பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதப் பழகியதற்குப் பிறகு நான் தமிழில் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் அதையும் கொண்டுபோய் உங்கள் அதிகாரியிடம் காட்டுங்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பெரிய மனிதர்களுக்கு மறதி இருக்கும்.

வியாழக்கிழமை என் பிறந்தநாள். அன்றைக்குத்தான் இங்கிலாந்தில் உங்கள் டெஸ்ட் ஆட்டமும் தொடங்கியது. அதற்கு முந்தின நாள் மாலை உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "நாளைக்கு உன்னோட முதல் பந்து எனக்காக இன்ஸ்விங்கர் போடு. ரன் போனாலும் பரவால்ல." அவ்வளவுதான். மோதிரம் கேட்டேனா, சேலை கேட்டேனா? ஒரு பந்து கேட்டேன். அதுவும் புதுப் பந்து இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் நீங்கள் இந்தியா 'ஏ' அணியோடு ஜொகூர் வந்தீர்கள். நெட்டில் மட்டை பிடிக்க ஆள் போதாமல் எங்கள் மாநிலப் பெண்கள் அணியிலிருந்து என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். வெளியே போவதுபோல் வந்து, கடைசி நேரத்தில் உள்ளே வளைந்து என் நடு ஸ்டம்பைச் சாய்த்ததே, அந்தப் பந்து. அதைப் போட்டுவிட்டு, "ஸாரிங்க, அது உள்ள வரும்னு நானே நெனைக்கல" என்று கூசாமல் பொய் சொன்னீர்களே, அந்தப் பந்து. நம் கதை அங்கேதான் ஆரம்பித்தது என்று நான் பைத்தியம்போல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? என் செய்தியை அப்படியே கொண்டுபோய் ஊழல் தடுப்பு அதிகாரியிடம் காட்டிவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு சிப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கும் உள்ளே போன் கொண்டுபோக அனுமதி இல்லை. லாக்கரில் கிடந்தது. அதனால் உங்கள் அதிகாரி ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்திருக்கிறார். சூப்பர்வைசர் ஓடி வந்து, "ஷாமளா, ஓவர்சீஸ்லேர்ந்து போலீஸ் கூப்பிடறாங்க லா, நீ என்ன செஞ்ச?" என்றார். போனை எடுத்தால், "நான் கமலநாதன், ரிட்டயர்டு டி.எஸ்.பி., சென்னை. நீங்க எந்த சூதாட்ட புக்கிக்கு வேலை பாக்கறீங்க?" என்று ஒரு குரல். அலாமாக்! நான் பக்கத்துக் கடையில் நாலு நம்பர் லாட்டரிகூட வாங்கியது இல்லை. சாயந்திரம் ஷிப்ட் முடிவதற்குள் கேன்டீன் முழுக்கத் தெரிந்துவிட்டது. எங்கள் அணியில் பந்து வீசுகிற தனலெட்சுமி என் வரிசையில்தான் வேலை செய்கிறாள். அவள் மூச்சுவிட முடியாமல் சிரித்தாள்.

அதிகாரியிடம் சொல்ல வேண்டியதை நானும் சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தேவையில்லை.

தீபாவளிக்கு முன்னால் உங்கள் அப்பா அம்மா நாமக்கல்லிலிருந்து பரிசம் போட வருவதாக இருந்தது. டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புக்கிக்கு வேலை பார்க்கும் பெண் உங்கள் குடும்பத்துக்கு எதற்கு?

கடைசியாக ஒன்று. ஆட்டத்தைப் பார்த்தேன். முதல் பந்து அவுட்ஸ்விங்கர்.

இப்படிக்கு,
ஷாமளா

பி.கு: மாப்பிள்ளையை நீ, வா, போ என்று பேசாதே என்று அம்மா இத்தனை நாள் கெஞ்சினார். வராத மரியாதை இப்போது கோபத்தில் வந்திருக்கிறது. கோபம் இருக்கும்வரை அனுபவித்துக்கொள்ளுங்கள்.


இங்கிலாந்து
ஜூன் 18

ஷாமளா,

உறைமேல் 'மதிப்பிற்குரிய' என்று பார்த்ததும் ஏதோ வங்கியிலிருந்து வந்திருக்கிறது என்று பிரிக்காமல் வைத்துவிட்டேன். கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது.

முதலில் மன்னிப்பு. உன்னைக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். வேலை செய்யும் இடத்துக்கே கூப்பிடுவார்கள் என்று தெரியாது. முன்கூட்டியே உன்னிடம் சொல்லியிருக்கலாம் என்பாய். தான் பேசி முடிக்கும்வரை நான் உன்னிடம் பேசக்கூடாது என்று கமலநாதன் சார் சொல்லிவிட்டார். ஆட்டம் நடக்கும் நாளில் மைதானத்துக்குள் நுழையும்போதே எங்கள் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் திருப்பிக் கொடுத்தபோது நீ என்னைத் தடுத்துவிட்டிருந்தாய்.

ஆனால் காட்டியதற்கு மன்னிப்பு கேட்கமாட்டேன். உன் செய்தி வந்ததும் சிரித்தேன். திரும்பப் படித்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. இன்ன ஆட்டம், இன்ன பந்து, ரன் போனாலும் பரவாயில்லை. சூதாடிகள் எங்களிடம் எப்படிப் பேசுவார்கள் என்று வருடா வருடம் வகுப்பு எடுக்கிறார்கள். உன் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் அந்த வகுப்பில் பாடமாக வைக்கலாம். கேட்டது மாமனாராக இருந்தாலும் மச்சானாக இருந்தாலும் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. மறைத்தால் தடை. முதுகெலும்பில் கீறல் விழுந்து இரண்டு வருடம் வீட்டில் படுத்துக் கிடந்தவன் நான். அந்த இரண்டு வருடமும் தினமும் என்னோடு போனில் பேசியவள் நீ. திரும்பி வந்த இடத்தை ஒரு செய்தியை மறைத்து இழந்தால் முதலில் என்னைத் திட்டப்போவதும் நீதான்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு மேலும் கோபப்படாதே. அன்றைக்கு முதல் பந்து இன்ஸ்விங்கராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அவர்களுடைய தொடக்க ஆட்டக்காரர் முதல் சில பந்துகளுக்கு மட்டைக்கும் காலுக்கும் நடுவில் கதவைத் திறந்து வைப்பார். ஒரு வாரம் வீடியோ பார்த்து, கேப்டன், கோச் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அதே நாள் உன் பிறந்தநாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. விக்கெட் விழுந்தால் சாயந்திரம் உன்னைக் கூப்பிட்டு "இது உனக்கு" என்று சொல்வதாக இருந்தேன். அதற்குள் நீ கேட்டுவிட்டாய். கேட்ட பிறகு எப்படிப் போடுவேன்? "நீ வழக்கம்போலப் போடு தம்பி, பாத்துக்கலாம்" என்றுதான் சார் சொன்னார். மணிக்கட்டு கேட்கவில்லை. வெளியே போகும் பந்தாகவே போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆள் சதம் அடித்தார். ஏன் ஒரு பந்துகூட உள்ளே வரவில்லை என்று கேப்டன் கேட்டார். காற்று சரியில்லை என்று சொன்னேன்.

டிக்கெட் விஷயம். அப்பா ஏற்கெனவே எடுத்துவிட்டார். பட்டறையில் லாரிக்குப் பெயின்ட் அடிக்க வருகிறவர்களிடம் எல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாராம். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தைரியம் இருந்தால் நீயே கூப்பிட்டுச் சொல்லு.

கவின்


தெப்ராவ்
ஜூன் 29

திரு. கவின் அவர்களுக்கு,

'மதிப்பிற்குரிய' என்பதை எடுத்துவிட்டேன். கோபம் குறைந்தது என்று அர்த்தம் இல்லை. இடம் மிச்சம்.

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன். எனக்காக வைத்திருந்த பந்தை நானே கேட்டுக் கெடுத்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு நல்ல சேதியை இப்படியா சொல்வது? பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த சீன அம்மா என்ன நினைத்தாரோ, பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்துக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கோபப்பட்டேன்.

தைரியம் இருந்தால் கூப்பிட்டுச் சொல்லு என்றீர்கள் இல்லையா? கூப்பிட்டேன். உங்கள் அம்மாவின் போன் எப்போதும் வேறு யாரோடோ பேசிக்கொண்டே இருந்தது. யாரோடு என்று அடுக்களைக்குப் போய்ப் பார்த்தால், என் அம்மாவோடு! இரண்டு பேரும் தினமும் வீடியோவில் பேசுகிறார்கள். பரிசத் தட்டு ஒற்றைப்படையில் எத்தனை, அதில் பழம் எது, பலகாரம் எது என்று ஒரே வாதம். நான் நடுவில் போய், "அம்மா, நானும் அவரும் பேசிக்கறது இல்ல" என்றேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்க சண்டைய கல்யாணத்துக்கு அப்புறம் வெச்சுக்குங்க லா. டேவான் மண்டபத்துக்கு சொல்லியாச்சு, கனோப்பிக்கு சொல்லியாச்சு, சமையலுக்கு சொல்லியாச்சு. இப்ப போயி நிப்பாட்டுனா அந்தக் கூடாரத்துக்காரனுக்கு யாரு பதில் சொல்றது?"

உங்கள் அம்மா போனுக்குள்ளிருந்து, "அதானுங்க சம்பந்தி" என்றார்.

காளியம்மாவுக்கு, அதாவது என் தாயாருக்கு, உங்கள்மேல் ஒரே ஒரு குறைதான். டிவியில் நீங்கள் பந்தைக் கால்சட்டையில் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, "வெள்ளத் துணிய இப்படி செவப்பாக்கறாரே, இத யாரு தொவைக்கறது?" என்று கேட்டார். பாலோ எஸ்டேட்டில் வளர்ந்தவருக்கு ரப்பர் பால் கறையைப் பற்றித் தெரியும், கிரிக்கெட்டைப் பற்றி இன்றுவரை ஒன்றும் தெரியாது. பந்து பளபளவென்று இருக்கத்தான் தேய்க்கிறார் என்று சொன்னேன். "பளபளன்னு வேணும்னா புதுசு வாங்கித் தர மாட்டாங்களா?" என்றார்.

இரண்டாவது டெஸ்டை எங்கள் மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பார்த்தேன். கால்பந்து ஓடிக்கொண்டிருந்த டிவியை எனக்காக மாற்றினார்கள். ஒரு பந்துகூட உள்ளே வரவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தேன். டம்ளரில் தே தாரிக் ஆறிப்போய் மேலே ஆடை படிந்துவிட்டது. கேமரா கிட்டே வரும்போது உங்கள் முகமும் சரியாக இல்லை. என்ன ஆயிற்று? கேட்கவில்லை, சும்மா எழுதினேன்.

போன ஞாயிறு குளுவாங்கில் எங்களுக்கு மாநில ஆட்டம். நான் பூஜ்ஜியம். என்ன பந்தில் போனேன் என்று சொல்ல வேண்டுமா? உள்ளே வந்தது.

ஷாமளா


இங்கிலாந்து
ஜூலை 9

ஷாமளா,

அடுத்த ஆட்டத்தில் நான் இல்லை. நேற்றுச் சாயந்திரம் கேப்டன் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். நல்ல மனிதர், சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது. இனி மஞ்சள் மேலாடையைப் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். டிவியில் பார்த்தால் கையாட்டு.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. நீ அப்படி எடுத்துக்கொள்வாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும், இங்கே சொல்ல ஆள் இல்லை.

இன்ஸ்விங்கர் போய்விட்டது, ஷாமளா. பிடி அதேதான். தையலை அதே பக்கம் சாய்க்கிறேன். ஓடி வருகிறேன். கையை விடும் நேரத்தில், இதைப் போட்டால் யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்று ஒரு நினைப்பு. அவ்வளவுதான், பந்து நேராகப் போய்விடுகிறது. நெட்டில் யாரும் பார்க்காதபோதுகூட வரவில்லை. இது முதுகில் இருந்தால் ஸ்கேன் எடுக்கலாம். மண்டையில் இருப்பதை என்ன செய்ய? இந்த வயதில் இன்னொரு தடவை அணியிலிருந்து விழுந்தால் யாரும் தூக்கிவிடமாட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

கமலநாதன் சார் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மீசைக்குள் சிரிக்கிறார். அவரிடம் நீ என்ன சொன்னாய்? கேட்டால், "அது விசாரணை ரகசியம் தம்பி" என்கிறார்.

கவின்


தெப்ராவ்
ஜூலை 18

கவின்,

இனிமேல் 'நீ'தான். மரியாதை முடிந்துவிட்டது.

டிவியில் உன்னைப் பார்த்தேன். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். மாமாக் கடையில் எல்லோர் முன்னாலும் கையாட்டினேன். பக்கத்து மேசை மலாய்க்காரப் பையன்களும் யாருக்கு என்று தெரியாமலே ஆட்டினார்கள். கடைக்காரர் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு பாவமாக இருந்திருக்கிறது என் முகம்.

இப்போது நான் ஏன் அந்தச் செய்தியை அனுப்பினேன் என்று சொல்கிறேன். பிறந்தநாளுக்காக இல்லை. நீ அங்கே பெரிய மைதானத்தில் நிற்கிறாய். உன் பெயரைச் சொல்லிக் கூட்டம் கத்துகிறது. நான் இங்கே வெள்ளை உடுப்புக்குள் கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கிறேன். பரிசம் நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்தது. இவன் என்னை நினைக்கிறானா, இல்லை ஆறு வருடமாகப் பேசிய பழக்கத்தில் கட்டிக்கொள்கிறானா என்று. அத்தனை பேருக்கு நடுவில் எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஓர் அடையாளம் வேண்டுமென்று ஆசைப்பட்டேன். நேராகக் கேட்க வெட்கம். அதனால் பந்தைக் கேட்டேன். கேட்கிற விதம் தெரியாமல் ஒரு சூதாடி மாதிரி கேட்டுவைத்தேன்.

நான் கேட்காமலே நீ அதை எனக்காக வைத்திருந்தாய் என்று தெரிந்த பிறகு, எனக்கு வேறு எந்த அடையாளமும் வேண்டாம்.

அதனால் இன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். கமலநாதன் சாருக்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அதில் எழுதியதை உனக்கும் எழுதுகிறேன், பிறகு 'ரகசியம்' என்று யாரும் சொல்லக்கூடாது.

"ஐயா, கவினிடம் நான் பிறந்தநாளுக்குக் கேட்ட ஓர் இன்ஸ்விங்கரை இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இனி அவர் எந்தப் பந்தை எப்போது போட்டாலும் அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. அது முழுக்க முழுக்க இந்திய அணிக்குச் சொந்தம். தயவுசெய்து இதை அவரிடம் எடுத்துச் சொல்லவும்."

கீழே கையெழுத்துப் போட்டு, தனலெட்சுமியைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவள் மறுபடி மூச்சுவிட முடியாமல் சிரித்தாள்.

போய்ப் பந்து போடு. எண்ணைத் தடுத்தது தடுத்ததுதான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஷாமளா


இங்கிலாந்து
ஆகஸ்ட் 2

ஷாமளா, ஷாமளா, ஷாமளா,

நீ பார்த்திருப்பாய். இருந்தாலும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் வெடித்துவிடுவேன்.

கடைசி டெஸ்டுக்கு முன்தினம் நம் ஆள் ஒருவருக்குக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. நீ ஆடுகிறாய் என்று கேப்டன் என்னிடம் சொன்னார். சந்தோஷத்தைவிடக் கலக்கம்தான் அதிகம். அறைக்குத் திரும்பும் வழியில் கமலநாதன் சார் நின்றுகொண்டிருந்தார். கையில் உன் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோர்ட்டில் வாசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் வாசித்தார். தனலெட்சுமியின் சாட்சிக் கையெழுத்துவரை வாசித்தார். மடித்துப் பையில் வைத்துவிட்டு, "உன் பந்துக்கு விடுதலை தம்பி. போயி போடு" என்றார்.

நான் அப்படியே சுவரில் சாய்ந்து சிரித்தேன். ஜூன் மாதத்திலிருந்து அப்படிச் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் மற்றதையும் சொன்னார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல எத்தனையோ பேரை விசாரிச்சிருக்கேன். விசாரிக்கக் கூப்பிட்டு நான் திட்டு வாங்குனது அந்தப் பொண்ணுகிட்டதான்" என்றார். "கவின் உங்க மெசேஜை எங்ககிட்ட காட்டிட்டாருன்னு சொன்னேன். அழும், இல்லேன்னா போனை வெச்சுடும்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'காட்டிட்டானா? அவன் செஞ்சது சரிதான் சார். காட்டாம இருந்திருந்தா நானே கல்யாணத்த யோசிச்சிருப்பேன். ஆனா இத அவன்கிட்ட சொல்லாதீங்க, நான் அவன சும்மா விட மாட்டேன்'னுச்சு. அந்த நிமிஷமே விசாரணைய முடிச்சுட்டேன்."

ஏய் பொய்க்காரி! அதே வாரத்தில்தானே எனக்கு 'மதிப்பிற்குரிய திரு.' என்று எழுதினாய்? டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று எழுதினாய்? கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் அதே தொடக்க ஆட்டக்காரர். முதல் பந்து வெளியே. அதன் பிறகும் வெளியே, வெளியே. அவர் மட்டையைத் தூக்கிப் பந்தை விட்டுக்கொண்டே இருந்தார். ஓவரின் கடைசிப் பந்துக்கு ஓடி வரும்போது மண்டைக்குள் எதுவுமே இல்லை. நெட்டில் உன்னைப் பார்த்துப் போட்ட நாளில் இருந்ததுபோல் காலியாக இருந்தது. பந்து கையை விட்ட உடனே தெரிந்துவிட்டது. அவர் இதையும் விடலாம் என்று மட்டையைத் தூக்கினார். அது அவர் தூக்கிய மட்டைக்கு அடியில் உள்ளே வந்து ஸ்டம்பைச் சாய்த்தது. கேப்டன் என்மேல் ஏறி விழுந்தார். எழுந்து பார்த்தால் எல்லைக்கோட்டுக்கு வெளியே கமலநாதன் சார் கைதட்டிக்கொண்டிருக்கிறார். அவர் யாருக்கும் கைதட்டக்கூடாது என்று நினைக்கிறேன்.

அந்த இன்னிங்ஸில் ஐந்து விக்கெட். அப்பா பட்டறையில் ஸ்ப்ரேயைக் கீழே வைத்துவிட்டு ஆடினாராம். ஒரு லாரியின் கதவில் பச்சை மேல் மஞ்சள் சிந்திவிட்டது.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், ஒழுங்காகக் கேள். அக்டோபரில் பரிசத்துக்கு நானும் வருகிறேன். அன்றைக்கு மத்தியானம் உங்கள் கிளப் பாடாங் மைதானத்தில் ஓர் ஆட்டம் வைக்கலாம். டெஸ்ட் இல்லை, டிவி இல்லை, சும்மா நம் சனங்களுக்கு. நீ மட்டை பிடி. முதல் பந்து இன்ஸ்விங்கர். முன்கூட்டியே சொல்கிறேன். ஊர் முழுக்கச் சொல்லு. சாரிடமும் சொல்லிவிட்டேன். அவருக்கு ஆட்சேபனை இல்லையாம்.

எண்ணைத் திறந்துவிடேன்.

கவின்


தெப்ராவ்
ஆகஸ்ட் 12

கவின்,

ஊர் முழுக்கச் சொல்லியாச்சு. மாமாக் கடை, தொழிற்சாலை, கோயில், பஸ்ஸில் ஆரஞ்சு கொடுத்த சீன அம்மா. தனலெட்சுமி இப்போதிருந்தே எனக்குத் தினமும் உள்ளே வரும் பந்தாகப் போட்டுப் பழக்குகிறாள். உன்னைப் பவுண்டரிக்கு அனுப்பாமல் விடமாட்டேன்.

கமலநாதன் சார் ஓட்டை வாய்! போலீஸ்காரரை நம்பினது என் தப்பு. ஆமாம், சொன்னேன். நீ செய்தது சரி. எனக்குக் கோபம் வந்ததும் சரி. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் வரக்கூடாது என்று ஏதாவது விதி இருக்கிறதா?

அந்த விக்கெட் விழுந்தபோது நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்பிலிருந்த சாம்பாரைத் தீயவிட்டார். "யாரு செத்தா?" என்று ஓடி வந்தார். நீ அவுட் எடுத்தாய் என்றேன். "நல்லவேளை, மாப்பிள்ள அவுட் ஆகலையே" என்றார்.

எண்ணை இப்போது திறக்கமாட்டேன். அந்தப் பந்து என் முன்னால் விழட்டும், பார்க்கலாம்.

ஷாமளா


தெப்ராவ்
அக்டோபர் 27

கவின்,

நீ பெங்களூரில் முகாமுக்குப் போய் இறங்கியதும் அணிக்காரர்களிடம் "எல்.பி.டபிள்யூ., சுத்தமான அவுட்" என்று பெருமையடித்தாய் என்று கேள்விப்பட்டேன். அதனால் நடந்ததை எழுத்தில் வைக்கிறேன். எண்ணைத் திறந்துவிட்டாலும் திட்டுவதற்குத் தபால்தான் வசதி. நடுவில் புகுந்து நீ பேச முடியாது.

பரிசம் நன்றாகத்தான் நடந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. உங்கள் அப்பா வாசலில் நின்ற கனோப்பிக்காரனின் லாரியைச் சுற்றிச் சுற்றி வந்து, "பெயின்ட்டு ஒரே கோட்டுதான் அடிச்சிருக்கானுங்க" என்று வருத்தப்பட்டதை அவன் இன்னும் மறக்கவில்லை. தட்டு மாற்றும்போது நீ தேங்காயை நழுவவிட்டதை நானும் மறக்கவில்லை. அவ்வளவு பெரிய மைதானத்தில் கேட்ச் விடாத கை.

ஆட்டத்துக்கு வருவோம். மழை விட்டு, பாடாங்கில் புல்லெல்லாம் மினுங்கிக்கொண்டிருந்தது. நான் உடை மாற்றப் போனேன், அம்மா விடவில்லை. "பரிசப் பொடவைய அன்னிக்கே அவுக்கக் கூடாது" என்றார். அதனால் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகி, அதன்மேல் கால் பேடு கட்டி, தலையில் பூவுக்கு மேல் ஹெல்மெட் வைத்துக்கொண்டு நின்றேன். தொழிற்சாலை முழுக்க வந்திருந்தது. எங்கள் கிளப் நடுவர் மட்டும், "சம்பந்தி சண்டையில நான் வரல லா" என்று கழன்றுகொண்டார். பந்து வீசும் பக்கத்தில் ஸ்டம்புக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடையும் கையுமாக அம்மாவை நடுவராக உட்கார வைத்தது யார்? நீ! அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் பந்து. இன்ஸ்விங்கர் என்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். ரெண்டரை மாதம் பயிற்சி எடுத்திருக்கிறேன். நீ ஓடி வந்தாய். பந்து வெளியே போவதுபோல் வந்தது. தெரிந்திருந்தும், சத்தியமாகத் தெரிந்திருந்தும், ஒரு கணம் இது வெளியேதான் போகிறது என்று நம்பிவிட்டேன். ஆறு வருடம் கழித்தும் அதே மாதிரி நம்பினேன். அது வளைந்து வந்து என் காலில் பட்டது.

லெக் ஸ்டம்புக்கு வெளியே பட்டது, அவுட்டே இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீ திரும்பி, இரண்டு கையையும் விரித்து, அம்மாவுக்கு முன்னால் மண்டி போட்டு, "அத்தை! அவுட்டா?" என்று கத்தினாய்.

அம்மா பயந்துபோனார். குடையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "மாப்பிள்ள மொத மொதல்ல ஒண்ணு கேக்கறாரு. நல்ல நாளு. இல்லன்னு சொல்ல முடியுமா லா?" என்று சொல்லி, எந்த விரலைத் தூக்குவது என்று தெரியாமல் ஆசீர்வாதம் செய்வதுபோல் கை முழுவதையும் தூக்கினார். சனமே எழுந்து நின்று கைதட்டியது. தனலெட்சுமி புல்லில் விழுந்து புரண்டாள். நான் மட்டையைத் தரையில் அடித்துவிட்டு, உன்னைத் திட்ட வந்தேன். வந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது அழுகையும் வந்தது. எனக்கு ஒரு நாளும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, கவின்.

ஆனால் விதி விதிதான். நடுவரை உறவு சொல்லி வளைத்தது குற்றம். மறைத்தால் எனக்குத் தடை. அதனால் எல்லாவற்றையும் எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு, கமலநாதன் சாருக்குப் புகார் அனுப்பிவிட்டேன்.

ஷாமளா


பெங்களூர்
நவம்பர் 6

ஷாமளா,

உன் புகார் வந்து சேர்ந்தது. கமலநாதன் சார் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து வாசித்தார். சாப்பாட்டு அறையில் வாசித்தார், பாதி அணி கேட்டது. "பட்டுச்சேலை மேல் கால் பேடு" என்ற இடத்தில் கேப்டன் தட்டைக் கீழே போட்டுவிட்டார். யாரோ அவருக்கு இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

தீர்ப்பு இதுதான். குற்றம் கடுமையானது. ஆனால் நடுவர் காளியம்மாவை நேரில் விசாரிக்காமல் முடிவு சொல்ல முடியாதாம். அதற்காகத் தை மாதம் நம் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு தெப்ராவ் வருகிறார். விசாரணை நாளில் மட்டன் பிரட்டல் இருக்குமா என்று கேட்கச் சொன்னார். அவருடைய சம்சாரத்துக்கு இறைச்சி ஆகாதாம், அந்த அம்மாவுக்குத் தனியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லு.

லெக் ஸ்டம்பைப் பற்றி நான் வாதாடப்போவதில்லை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பந்து எங்கே பட்டது என்று நான் பார்க்கவே இல்லை.

நாளைக்கு டெஸ்ட் ஆரம்பம். நாங்கள் முதலில் பந்து போட்டால் முதல் ஓவர் என்னுடையது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஆட்டமே முடிந்திருக்கும், அதனால் தைரியமாக எழுதுகிறேன். காலையில் வழக்கம்போல் போனைக் கொடுத்துவிடுவேன். அதற்கு முன்னால் உன் செய்தி வரும் என்று எனக்குத் தெரியும். நன்றாகச் சாப்பிட்டாயா என்று கேள். முதுகு வலிக்கிறதா என்று கேள். என்ன பந்து என்று மட்டும் கேட்காதே.

டிவியில் பார்.

உன்,
கவின்